மரத்துக்குப் பெயிண்டும் பாலிஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவு, ஜன்னல், மேசை, கட்டில், அலமாரி என்று வீட்டில் இருக்கிற மரத்துக்குத் தானே வண்ணம் பூசிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நான் பெயிண்டர் இல்லை. சொந்த வீட்டு மரத்தைப் போதுமான அளவு கெடுத்துக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், பாதிப் பதில் உங்களுக்கே தோன்றிவிடும்: வெட்டி, இழைத்து, ஆணி அடித்து எத்தனை வருடம் ஆனாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். நாம் மேலே பூசுகிற எதுவும் இந்த அசைவோடு சேர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் உரிந்துகொண்டு வரும்.

பெயிண்ட், ஸ்டெயின், வார்னிஷ், பாலிஷ் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

இல்லை. பெயிண்ட் மரத்தை மூடிவிடும், ரேகை தெரியாது. ஸ்டெயின் மரத்துக்குள் இறங்கி நிறத்தை மாற்றும், ரேகை தெரியும், ஆனால் உள்ளே பயன்படுத்தும் சாதாரண ஸ்டெயின் தனியாக எந்தப் பாதுகாப்பும் தராது, மேலே ஏதாவது பூசியே ஆக வேண்டும். அந்த மேல்பூச்சுதான் வார்னிஷ், பியு (பாலியூரித்தேன்), லேக்கர் வகையறா. பாலிஷ் என்ற சொல்லைத்தான் ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். பழைய பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. இப்போது கண்ணாடி மாதிரி மினுங்குகிற எதையும் பாலிஷ் என்கிறார்கள். ஆகவே ஒருவர் "பாலிஷ் போட்டேன்" என்றால் எதைப் போட்டார் என்று கேட்டுவிடுங்கள், அதன் மேலே என்ன ஒட்டும் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் நான் எதைப் போடுவது?

மரம் நன்றாக இருந்தால், ரேகை அழகாக இருந்தால், மூட வேண்டாம். ஒட்டுப்போட்ட மரம், நிறம் மாறி மாறி இருக்கும் பலகை, நிறையப் பட்டி வைத்த இடம் என்றால் பெயிண்ட் அடித்துவிடுங்கள். தேக்குக் கதவுக்கு வெள்ளை எனாமல் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், ஆனால் அது உங்கள் கதவு.

கரும்பழுப்பான மேசையை ஸ்டெயின் போட்டு வெளிர் நிறமாக்க முடியுமா?

முடியாது. ஸ்டெயின் இருக்கிற நிறத்தை இன்னும் கருமையாக்கத்தான் செய்யும். வெளிர வைக்க வேண்டுமென்றால் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, மரத்துக்கான பிளீச் போட வேண்டும். அதற்கு மெனக்கெடுவதைவிட வெளிர் நிறப் பெயிண்ட் அடிப்பது எளிது.

புது மரம், உடனே அடிக்கலாமா?

மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம், வெளிக்கதவுக்கு 15-க்குள் இருந்தால் நல்லது. மீட்டர் இல்லையா? அதே மரத்தில் ஒரு துண்டை எடுத்துச் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். சில நாள் கழித்து மறுபடி போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காய்கிறது என்று அர்த்தம். ஈரத்தோடு அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெயில் பட்டதும் வெளியேற வழி தேடும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

உப்புத்தாள் எந்த நம்பரில் ஆரம்பிப்பது?

பழைய பூச்சு, மேடுபள்ளம் இருந்தால் 80. இழைத்த மரமென்றால் 120, அப்புறம் 180. பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் 180-இலேயே நிறுத்திவிடலாம். ஸ்டெயினுக்கு 220 வரை போகலாம், அதற்கு மேல் தேய்த்தால் மரம் வழவழப்பாகி ஸ்டெயினைக் குடிக்காது. நம்பரைத் தாண்டக் கூடாது, 80-இலிருந்து நேராக 220-க்குப் போனால் 80 போட்ட கீறல் அப்படியே இருக்கும், தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயின் பட்டதும் கீறலுக்குள் நிறம் புகுந்து பூனை பிறாண்டின மாதிரி பல்லிளிக்கும். ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே வேண்டாம்.

தண்ணீர் கலந்த ஸ்டெயின் அல்லது வார்னிஷ் போடுவதாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. கடைசித் தேய்ப்புக்கு முன்னால் ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். நார் எல்லாம் சிலிர்த்து நிற்கும். அதை லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டால், பூசும்போது மறுபடி அவ்வளவாகச் சிலிர்க்காது.

தேய்த்த தூளைத் துடைக்காமல் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது. தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பட்டி எப்போது வைப்பது?

பெயிண்ட் என்றால் முதல் ப்ரைமர் (பெயிண்டுக்கு முன்னால் கொடுக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகு வைப்பது வசதி, ப்ரைமர் பட்டதும் பள்ளமெல்லாம் தெளிவாகத் தெரியும், பட்டியும் நன்றாகப் பிடிக்கும். ஸ்டெயின் என்றால் கதை வேறு. பட்டி மரத்தைப் போல ஸ்டெயினைக் குடிக்காது, வெளிறிய புள்ளியாகத் தனித்துத் தெரியும். அதனால் ஸ்டெயின் போட்டு, ஒரு கோட் மேல்பூச்சு அடித்து, அதன் பிறகு அந்த நிறத்துக்குப் பொருந்தும் பட்டியை ஆணித்துளையில் மட்டும் அடைப்பதுதான் சரி. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தால் நிறம் பொருந்திவிடும் என்று சொல்வார்கள். பொருந்தாது, காய்ந்த பசை ஸ்டெயினைத் தடுத்துவிடும், அந்த இடம் வேறு நிறமாகத்தான் வரும்.

ப்ரைமர் இல்லாமல் ஒரு கோட் கூடுதலாக அடித்தால் போதாதா?

போதாது. மரம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சும். பலகையின் வெட்டுமுனை இருக்கிறதே, அது பரப்பைவிடப் பல மடங்கு குடிக்கும், ஏனென்றால் மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. ப்ரைமர் அந்த உறிஞ்சலைச் சமப்படுத்துகிறது, மேலே வரும் பெயிண்டுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. வெட்டுமுனைக்கு இரண்டு கோட் ப்ரைமர் கொடுங்கள்.

வெள்ளை அடித்தேன், ஒரு மாதத்தில் அங்கங்கே மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறை வந்துவிட்டது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும், எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே சொல்லிவிடலாம்.

வட்டமாக, கணு இருக்கும் இடத்தில் மட்டும் வந்திருந்தால் அது பிசின். பைன் மாதிரி மரங்களில் கணுவிலிருந்து பிசின் கசிந்துகொண்டே இருக்கும், எத்தனை கோட் அடித்தாலும் மேலே வரும். கணுவின் மேல் அரக்கு கலந்த சீலரை இரண்டு கை தடவிவிட்டு ப்ரைமர் அடிக்க வேண்டும்.

பரவலாக, தேநீர் சிந்தின மாதிரி இருந்தால் அது டானின். ஓக், மகாகனி போன்ற மரங்களில் இருக்கும் துவர்ப்புச் சத்து, தண்ணீர் கலந்த பெயிண்டில் கரைந்து மேலே ஏறிவிடுகிறது. கறை தடுக்கும் ப்ரைமர் என்று தனியாகவே விற்கிறார்கள், அதில் அரக்கு வகை நம்பகமானது. மேலே இன்னொரு கோட் வெள்ளை அடிப்பது காசைக் கரைக்கிற வழி.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. கறையாக இல்லாமல், அலமாரிக்கு உள்பக்கம், மாட்டிய படத்துக்குப் பின்னால் என்று வெளிச்சம் படாத இடம் மட்டும் மொத்தமாக மஞ்சளானால் அது எண்ணெய் எனாமலின் குணம். அந்தப் பெயிண்ட் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் ஓரளவு தெளியும். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் கலந்த அக்ரிலிக் எனாமலுக்குப் போங்கள்.

பழைய பெயிண்டின் மேலேயே அடிக்கலாமா, எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

உறுதியாகப் பிடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். ஒரு மூலையில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அது நிற்காது, எடுத்துவிட வேண்டும். வரவில்லையென்றால் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு அடிக்கலாம். சமையலறைக் கதவும், கைப்பிடியைச் சுற்றியுள்ள இடமும் கை அழுக்கு ஊறியவை, அங்கே இரண்டுமுறை கழுவுங்கள்.

பழையது எண்ணெய்ப் பெயிண்டா தண்ணீர்ப் பெயிண்டா என்று தெரிய, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் தண்ணீர் வகை. ஏறவில்லையென்றால் எண்ணெய் வகை. எண்ணெய்ப் பெயிண்டின் மேல் தேய்க்காமல், ப்ரைமர் போடாமல் தண்ணீர்ப் பெயிண்ட் அடித்தால் நகத்தால் கிள்ளினாலே தோல் மாதிரி உரிந்து வரும்.

பழைய வீடு. பெயிண்டில் ஈயம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. முன்பெல்லாம் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் சேர்த்தார்கள். இப்போது பல நாடுகளில் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், பழைய பெயிண்டில் அதைப் போல நூறு மடங்குகூட இருக்கலாம். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எத்தனை அடுக்கு என்று தெரியாத பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், மெஷினைக் கொண்டு தேய்க்கவே தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டியும் எடுக்காதீர்கள். உறுதியாக இருந்தால் அதன் மேல் ப்ரைமர் அடித்து மூடிவிடுவது நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்த்து, விழுந்ததை ஈரத்தோடு வாரிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்தச் சில நாள் அவர்கள் வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஸ்டெயின் திட்டுத் திட்டாக வந்துவிட்டது.

மென்மையான மரங்களில் இது சகஜம், ஒரே பலகையில் ஓரிடம் கடற்பஞ்சு மாதிரியும் ஓரிடம் கல் மாதிரியும் இருக்கும். ஸ்டெயினுக்கு முன்னால் போடும் கண்டிஷனர் ஒரு கோட் கொடுத்தால், அல்லது ஸ்பிரிட் அதிகம் சேர்த்து நீர்க்க வைத்த அரக்கை ஒருமுறை தடவினால் உறிஞ்சல் சமமாகும். ஜெல் ஸ்டெயினும் உதவும், அது கெட்டியாக இருப்பதால் உள்ளே ஆழமாக இறங்காது. வந்துவிட்ட திட்டை என்ன செய்வது என்றால், தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எப்போதுமே அதே மரத்தின் ஒரு துண்டில், அதே உப்புத்தாளில் தேய்த்து, மேல்பூச்சும் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மேசையைத் தொடுங்கள். டப்பா மேல் இருக்கும் நிறத்தை நம்ப வேண்டாம், அது வேறு ஏதோ மரம்.

இரண்டு நாளாகியும் ஸ்டெயின் பிசுபிசுவென்றே இருக்கிறது.

துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஸ்டெயினைப் பெயிண்ட் மாதிரி அடித்துவிட்டுப் போகக் கூடாது. தடவி, 5 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் மிச்சம் நிற்பதைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். மேலே தேங்கினது காயவே காயாது. டர்பன்டைன் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள், போய்விடும். தேக்கில் இன்னொரு சிக்கல் உண்டு, அந்த மரத்தின் சொந்த எண்ணெயே எண்ணெய்ப் பூச்சுகளைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். பூசுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் தேக்கைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும்.

வார்னிஷில் சின்னச் சின்னக் குமிழ்.

டப்பாவைக் குலுக்கினீர்களா? குலுக்காதீர்கள், குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். பிரஷை டப்பா விளிம்பில் வழித்து வழித்து எடுப்பதும் குமிழை உண்டாக்கும், ஓரத்தில் தட்டினால் போதும். மேட் வார்னிஷ் என்றால் அடிவரை கலக்குவது முக்கியம், ஏனென்றால் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கிவிடும். கலக்காமல் அடித்தால் முதல் கதவு மினுங்கும், கடைசிக் கதவு சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும்.

மழை நாளில் லேக்கர் அடித்தேன், வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது.

லேக்கரில் இருக்கும் தின்னர் படு வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து மாட்டிக்கொள்கிறது. காற்று உலர்ந்திருக்கும் நாளில் அதன் மேல் தின்னரை மட்டும் லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் எதையும் அடிக்காமல் சும்மா இருங்கள். உச்சி வெயிலிலும் அடிக்காதீர்கள். மேலே ஏடு கட்டி உள்ளே பச்சையாக நிற்கும்.

எத்தனை கோட்? எவ்வளவு வாங்குவது?

ப்ரைமர் ஒன்று, பெயிண்ட் இரண்டு. கெட்டியாக ஒரே கோட் அடித்து முடித்துவிடலாம் என்கிற ஆசை எல்லோருக்கும் வரும், வழியும், சுருங்கும், வேலை இரட்டிப்பாகும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 220 அல்லது 320 உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

1 லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்குச் சுமாராக 10 சதுர மீட்டர் வரும். 2.1 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள கதவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 4 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கோட் என்றால் 8. அதாவது கதவுக்கு 1 லிட்டர் வாங்கினால் சட்டத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய சரியாக இருக்கும்.

எப்போது ஜன்னலை மூடலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுசாக இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. தண்ணீர்ப் பெயிண்ட் ஓரிரு மணி நேரத்தில் தொடக் காய்ந்துவிடும், எண்ணெய்ப் பெயிண்டுக்கு ஒரு இரவு வேண்டும். ஆனால் இரண்டுமே முழுசாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான் ஒருமுறை சாயங்காலம் அடித்த ஜன்னலை ராத்திரி மழை வந்ததும் இழுத்து மூடிவிட்டேன். காலையில் கதவும் சட்டமும் ஒன்றாகிவிட்டன, பட்டிக் கத்தியை இடுக்கில் விட்டுப் பிரித்ததில் ஒரு பக்கப் பெயிண்ட் முழுவதும் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூடியே ஆக வேண்டுமென்றால் இடையில் மெழுகுத்தாள் வையுங்கள். அலமாரித் தட்டில் கனமான சாமான் வைக்கவும் இரண்டு வாரமாவது பொறுங்கள்.

மழைக்காலம் வந்தால் கதவு இறுகிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு கண்ணாடியை எடுத்து, கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். பெயிண்டே படாத வெறும் மரமாக இருக்கும், பந்தயமே கட்டலாம். கதவை மாட்டிய பிறகு பெயிண்ட் அடிப்பவர்கள் முன்னும் பின்னும் அழகாக அடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் விட்டுவிடுவார்கள். ஈரம் நேராக அந்த வெட்டுமுனை வழியாக ஏறுகிறது. குளியலறைக் கதவு கீழிருந்து உளுத்துப்போவதும் இதனால்தான்.

மழையில் உப்பி நிற்கும்போது இழைத்தால் வெயில்காலத்தில் விரல் போகிற அளவு இடைவெளி விழும். காற்று உலர்ந்து கதவு தானாகச் சுருங்கும்வரை காத்திருங்கள், கழற்றுங்கள், மேல்விளிம்பு, அடிவிளிம்பு, கீல் பதித்த பள்ளம், பூட்டுக்காகக் குடைந்த துளையின் உட்பக்கம் என்று எல்லாவற்றுக்கும் ப்ரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் கொடுங்கள். அடுத்த மழையிலும் இறுகினால் அப்போது ஒரு மயிரிழை இழைக்கலாம், இழைத்த இடத்தை அன்றைக்கே மூடிவிட வேண்டும்.

இதே காரணத்தால்தான் சட்டத்துக்குள் பலகை வைத்த கதவுகளில் வறட்சிக் காலத்தில் பலகை ஓரமாக நிறமில்லாத ஒரு கோடு தெரிகிறது. பலகை சுருங்கி, பெயிண்ட் படாமல் சட்டத்துக்குள் ஒளிந்திருந்த பகுதி வெளியே வந்துவிட்டது. புதிதாகச் செய்கிறீர்களென்றால் பலகையைச் சட்டத்தில் கோர்ப்பதற்கு முன்பே நிறம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

வெளிவாசல் கதவுக்கு வெறும் கிளியர் வார்னிஷ் போதுமா?

நேர் வெயில் படாத கதவென்றால் சரி. வெயில் படுகிற கதவுக்கு நான் போட மாட்டேன். நிறமில்லாத வார்னிஷ் வழியாக வெயிலின் புற ஊதாக் கதிர் ஊடுருவி, மர நாரைப் பிணைத்திருக்கும் லிக்னினை அரிக்கிறது. வார்னிஷ் நன்றாகவே இருக்கும், அது பிடித்திருந்த மரம்தான் கைவிட்டுவிடும், ஓரிரு வருடத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். நிறத்துகள் இருந்தால் அது குடை மாதிரி வெயிலைத் தடுக்கும். அதனால் வெளியே ஒன்று பெயிண்ட், அல்லது நிறம் கலந்து உள்ளே இறங்கும் வெளிப்புற ஸ்டெயின். இந்த ஸ்டெயின் உரியாது, மெல்ல மங்கும், மங்கினதும் கழுவிவிட்டு இன்னொரு கை பூசினால் முடிந்தது.

ப்ளைவுட், எம்டிஎஃப், மைக்கா?

ப்ளைவுட்டின் மேல்தாள் ரொம்ப மெல்லிசு, மெஷினை அழுத்தினால் அடுத்த அடுக்கு வந்துவிடும், கையால் தேயுங்கள். எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையின் பரப்பு வழவழவென்று இருக்கும், வெட்டிய விளிம்புதான் தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதும். அதற்கு எண்ணெய் அல்லது அரக்கு வகை ப்ரைமர். மைக்காவில் எதுவும் உறிஞ்சாது, தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒட்டுத்தன்மை அதிகமுள்ள ப்ரைமர் போட்டால் பெயிண்ட் நிற்கும். ஸ்டெயின் நிற்காது.

சூடான பாத்திரம் வைத்து மேசையில் வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது.

வெள்ளை என்றால் ஈரம் பூச்சுக்குள் மட்டும்தான் இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், ஆவி இல்லாமல், சில நொடி வைத்து எடுத்துப் பாருங்கள். கறுப்பு வட்டம் என்றால் தண்ணீர் மரத்துக்கே போய், இரும்பும் டானினும் சேர்ந்து கறுத்துவிட்டது. பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலம் போட வேண்டும், கையுறையோடு.

பூசித் துடைத்த துணியைக் குப்பையில் போடலாமா?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ஆளிவிதை எண்ணெய், அது கலந்த ஸ்டெயின், டேனிஷ் ஆயில் போன்றவை காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக் காய்கின்றன, அப்போது சூடு கிளம்புகிறது. விரித்த துணியில் சூடு போய்விடும். கசக்கிச் சுருட்டிப் போட்ட துணியில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே தனித்தனியாக விரித்துப்போட்டு விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

குழந்தை கடிக்கிற தொட்டில் கம்பிக்கு என்ன போடுவது?

குழந்தைப் பொருட்களுக்கானது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் தண்ணீர் வகைப் பூச்சு, போட்டு நான்கு வாரம் கழித்துத்தான் குழந்தையிடம். அல்லது மெழுகு நீக்கிய தூய அரக்கு, மாத்திரைகளுக்கும் மிட்டாய்க்கும் மேலே பூசுகிறார்களே அதேதான். காய்கறி நறுக்கும் பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், கத்தி பட்டுச் செதில் செதிலாக வரும். உணவுத் தர மினரல் ஆயில் தடவுங்கள். சமையல் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும்.

பெயிண்ட் அடித்தால் கரையான் வராதா?

வரும்.

மீந்த பெயிண்டை எத்தனை நாள் வைக்கலாம்?

மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்தால் சில வருடம்கூட இருக்கும். எண்ணெய்ப் பெயிண்டில் ஏடு கட்டியிருந்தால் ஏட்டை முழுசாக எடுத்துவிட்டுப் பழைய நைலான் துணியில் வடிகட்டி அடிக்கலாம். தண்ணீர்ப் பெயிண்டைத் திறந்ததும் அழுகல் நாற்றம் வந்தால் தூக்கிப்போடுங்கள், அடித்தால் அந்த வாடை அறையை விட்டுப் போகாது. டப்பா மேல் எந்த அறை, எந்தக் கதவு, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். என்னிடம் இப்போது ஐந்து டப்பா வெள்ளை இருக்கிறது, ஐந்தும் வேறு வேறு வெள்ளை, எது எந்தக் கதவுடையது என்று தெரியவில்லை.